தூக்க முடியாத ரோபோ

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். ஏழரை வரை எதிர்வீடே தெரியவில்லை.

இன்றைய வேலை: அறையை ஒழிப்பது. நாளை ரோபோ வருகிறது. எழுதும்போதே சிரிப்பு.

தம்பி குமாரின் ஏற்பாடு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான், லீவு நாளில் யூடியூப்தான். அதில் பார்த்த ரோபோவாம் இது. மனுசன் மாதிரி இரண்டு கை, இரண்டு கால். வீட்டில் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். விலை ஒரு சின்ன கார் விலை. அது போக மாதாமாதம் தனியாக ஒன்று கட்ட வேண்டும். இரண்டையும் தானே கட்டுவதாகச் சொல்கிறான். அவன் அங்கே நாலு பேரோடு ஒரே அறையில் படுத்துக்கொள்கிறான்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. “வரட்டும், பாப்போம்” என்றதோடு சரி. மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிற மனுசர். எந்த மிஷினையும் உள்ளே திறந்து பார்க்காமல் நம்ப மாட்டார்.

காரணம் இவருடைய இடுப்புதான். போன வாரம் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே பத்து கிலோவுக்கு மேல தூக்காதீங்க. தூக்கினா ஆபரேஷன்தான்” என்றார். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இவர் வழக்கம்போல என் முழங்காலுக்குக் கீழே ஒரு கை, முதுகுக்கு ஒரு கை. தூக்கினார். நான் பத்து கிலோ இல்லை.

கணக்கு டீச்சர் புத்தி: கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து டாய்லெட் சேர், மறுபடி. ஒரு நாளைக்கு ஆறு தடவை. விபத்தில் எனக்கு நடை போய் இரண்டு வருடம். பெருக்கிப் பார்க்க வேண்டாம்.


பிப்ரவரி 4, புதன்

வந்துவிட்டது. மினி வேனில், சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில். தெருவே வாசலில். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் டேப்போடு ஓடி வந்துவிட்டார்.

என் தோள் உயரம் இருக்கும். (நான் நின்ற காலத்து உயரம்.) சாம்பல் நிறம். முகம் கிடையாது, கறுப்புக் கண்ணாடி. விரல்களில் ரப்பர். நடை, புதுச் செருப்பு கடிக்கிற ஆள் நடக்கிற மாதிரி.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு பேர் பொருத்திவிட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கழுத்தில் விளக்கு. பச்சை என்றால் அதுவே யோசித்துச் செய்கிறது. மஞ்சள் என்றால் அதற்குப் புரியவில்லை, சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் அதன் கண்வழியாகப் பார்த்துக் கையை ஓட்டுகிறார்.

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப எங்க வீட்டுக்குள்ள ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருப்பாங்களா?”

“மஞ்சள் எரிஞ்சா மட்டும்தாங்க. குளிக்கிற நேரம் ஆஃப் பண்ணிக்கலாம்.”

இவர் கேட்டது ஒரே கேள்வி. “எவ்வளவு வெயிட்டு தூக்கும்?”

“ரெண்டு கையும் சேத்து ஆறு கிலோங்க.”

இவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் இவரைப் பார்க்கவில்லை. மும்தாஜ் அக்காதான், “அப்ப ஒரு தண்ணிக் கொடத்தைக்கூடத் தூக்காதா? இதுக்காப்பா கார் வெலை?” என்றார். வந்தவர்களில் பெரியவர், மனுசரைத் தூக்கும் மாடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, வருவதற்குச் சில வருடம் ஆகும் என்றார். பொய் சொல்லாத ஆள். குமாரிடம் இதை யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் அவன் காதில் ஏறவில்லையா, தெரியவில்லை.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று இவர் எழுந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பத்து நாள்தானே.

அது பேசும் தமிழ்: “வணக்கம். தங்களுக்கு நான் எவ்வாறு உதவட்டும்?”

இவர் அதற்கு அப்போதே பெயர் வைத்துவிட்டார். சார்.


பிப்ரவரி 5, வியாழன்

பனி குறைவு. வெயில் சீக்கிரம்.

சார் இன்று செய்தது:
டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தது, ஆறு நிமிடம். முக்கால் டம்ளர் வந்தது.
துண்டு மடித்தது, ஒன்றுக்கு நாலு நிமிடம். நன்றாகத்தான் மடிக்கிறது, கடைக்காரர் மடிப்பு.
சேலையை மடிக்கச் சொன்னேன். ஐந்தரை மீட்டரையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றது. மஞ்சள் விளக்கு. பிறகு யாரோ மடித்தார்கள்.
கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுத்தது. அரை நிமிடம்.

செய்யாதது: சமையல், பாத்திரம் (ஈரம் ஆகாது), குக்கர் விசில் எண்ணுவது, கதவுத் தாழ்ப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய் மூலையில் சார்ஜ் போட்டுக்கொண்டு நிற்கும். மதியம் கரண்ட் போயிற்று, அதோடு அவருக்கும் லீவு.

ஆனால் அந்தப் பேனா. அதை எழுதத்தான் வேண்டும். இரண்டு வருடமாக, ஒரு பொருள் கீழே விழுந்தால் அது விழுந்த இடத்திலேயே கிடக்கும், இவர் கடையிலிருந்து வரும்வரை. ஆன்லைன் ட்யூஷன் திருத்தும்போது பேனா விழுந்தால் அன்றைய வேலை அத்தோடு போச்சு. மும்தாஜ் அக்காவைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் வருவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒருத்தரைக் கூப்பிடுவது. சாரை நான் இன்று ஒன்பது தடவை எடுக்க வைத்தேன். கடைசி மூன்று தடவை வேண்டுமென்றே போட்டேன்.

இவர் சாயந்தரம் வந்து, “சார் ஒழுங்கா வேலை பாத்தாரா?” என்றார்.

“பாத்தார்.”

“சம்பளம் கேட்டாரா?”

“கரண்ட்டுதான் கேட்டார்.”

நாளாகிறது இவர் சிரித்துப் பார்த்து. சிரித்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.


பிப்ரவரி 6, வெள்ளி

கோகர்ணேசர் கோவில் பக்கம் மைக் செட் சத்தம், காலையிலிருந்தே. டவுன் பஸ் ஹாரனோடு போட்டி.

மும்தாஜ் அக்கா ரவிக்கை கொண்டுவந்து கொடுத்தார். பக்கத் தையலைச் சுருக்கிப் பிடித்தது. இந்த வருடம் இது இரண்டாவது தடவை.

“என்ன ராணி, மறுபடியும் ஒரு இஞ்சு? நோஞ்சானா ஆகிக்கிட்டு இருக்கியே. சாப்புடுறியா இல்லையா?”

“சாப்புடுறேன்க்கா. உக்காந்தே இருந்தா சதை கரையும்னு டாக்டரே சொன்னாரு.”

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

யாரும் படிக்காத நோட்டில்கூட இதை இத்தனை நாள் எழுதவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் காலை, என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்ததும் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், “ஒண்ணுமில்ல, கொட்டாவி” என்றார். அன்றிலிருந்து குறைத்தேன். மதியம் இவர் பரிமாறிவிட்டுக் கடைக்குப் போனதும் இரண்டு வாய். மீதி கவரில். சாயந்தரம் நாற்காலியை ஜன்னலுக்கு உருட்டிப் போய், கீழே காத்திருக்கும் செவலை நாய்க்கு. இரவு இவர் எதிரில் ஒரு தோசை, “பசிக்கலைங்க.”

நடக்க முடியாது. தூக்க வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. என்னால் குறைக்க முடிந்தது எடை ஒன்றைத்தான்.

தலை சுற்றல் காலையில் மட்டும்.


பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. கை நடுக்கம், அலுப்பு.

இன்று குமார் வந்தான். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் போன் வழியாக ரோபோவைத் தானே ஓட்டலாமாம், ஒரு மணி நேரம். பத்து மணிக்கு மூலையில் நின்ற சார் தலையைத் தூக்கினார். “அக்கா, நான்தான்.” குமார் குரல்.

“வாடா” என்றேன். வேறென்ன சொல்வது, வீட்டுக்கு வந்தவனை.

மெல்ல மெல்ல நடந்தான். சுவரில் இரண்டு தடவை இடித்தான். இவர் பின்னாலேயே போனார், விழுந்தால் பிடிக்க. அடுப்படியை எட்டிப் பார்த்தான். “அடுப்பு மாத்திட்டீங்களா மச்சான்? நல்லா இருக்கு.” அம்மா அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றான். ரொம்ப நேரம். அசைவில்லாமல் நின்றதில் நெட் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தோம்.

“கண்ணாடி விரிசல் விட்டுருக்கு. யாரும் சொல்லலையே.”

“சின்ன விரிசல்டா.”

பிறகு என் கட்டிலுக்கு வந்தான். கையை நீட்டினான். ரப்பர் விரல்கள் என் கைக்கு இரண்டு விரற்கடை மேலே வந்து அப்படியே நின்றுவிட்டன.

“எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது அக்கா. பிடிச்சுருக்கேனா?”

“பிடிச்சுருக்க” என்றேன். சொல்லிவிட்டு என் கையைத் தூக்கி அந்த விரலுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவன் அழுதான். ரோபோவுக்கு அழுகிற சத்தம் வெளியே போடத் தெரியவில்லை போல, கரகரவென்று ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்டது. இவர் வாசல் பக்கம் போய்விட்டார்.

“இதையே வாங்கிருவோம் அக்கா. என்னால வர முடியல. வேற எப்படி நான் அங்க இருக்கிறது?”

தூக்காது என்று அவனுக்குத் தெரியும். முதலிலேயே தெரியும். அவனுக்கு வேண்டியது இந்த ஒரு மணி நேரம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


பிப்ரவரி 9, திங்கள்

காலையில் மேகமூட்டம். மழை இல்லை. இவர் இன்று இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு போனார்.



மதியம் சாம்பார் சாதம், அவரைக்காய்ப் பொரியல். இவர் என்னைக் கட்டிலில் இறக்கி, தட்டு வைத்துவிட்டு ஒன்றே முக்காலுக்குப் போனார். இரண்டு வாய். போன வியாழனிலிருந்தே ஒரு சௌகரியம் கண்டுபிடித்திருந்தேன்: சாயந்தரம்வரை காத்திருக்க வேண்டாம், தட்டைச் சாரிடம் கொடுத்தால் அவரே ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவார். இவர் வீட்டில் இருந்த ஞாயிறு நீங்கலாக, மூன்று நாள் சரியாகச் செய்தார். இன்று ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. தட்டைப் பிடித்தபடி நின்றார். மஞ்சள் விளக்கு.

தட்டு நகரவில்லை.

“வெளியில கொட்டிருங்க” என்றேன்.

ஒரு பெண் குரல். அதுவரை மஞ்சள் விளக்கில் யாரும் பேசியதில்லை. “அக்கா, நான் கௌரி. சென்னையிலேர்ந்து. உங்க வீட்டு ஷிஃப்ட் எனக்குத்தான். இப்படிப் பேசக் கூடாது எங்களுக்கு. இருந்தாலும் கேக்குறேன். வியாழக்கிழமை சேலைய மடிச்சதும் நான்தான். அன்னைக்கும் இதே மாதிரி தட்டு முழுசாத்தான் போச்சு. வெள்ளிக்கெழமையும்.”

“பச்சை விளக்குலதானே போச்சு? அப்பவும் பாக்குறீங்களா?”

“மாட்டிக்கிட்டா மட்டும்தான் நாங்க வருவோம். வந்தா, அது கடைசியா என்னென்ன செஞ்சுச்சுன்னு எங்களுக்கு வரிசையாக் காட்டும். அதுல பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தி, “மன்னிச்சுக்கங்க” என்றாள்.

கோபம்தான் வந்தது. ஆஃப் பண்ணு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

“உடம்பு சரியில்லையாக்கா? சாப்பாடு ஏறலையா?”

முகம் தெரியாத ஒரு பெண். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள். அதனால்தான் சொன்னேனோ என்னவோ. எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இவர் நின்றதுகூட. தட்டைப் பிடித்துக்கொண்டு சார் அப்படியே நின்றார், அவ்வளவு நேரமும்.

அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அக்கா, பேஷன்ட் லிஃப்ட்டு பாத்துருக்கீங்களா?” என்றாள்.

“என்ன லிஃப்ட்டு?”

“ஒர்க் ஷாப்புல எஞ்சினத் தூக்கி வெளிய எடுப்பாங்கல்ல, அந்த மாதிரி. சின்னது. சக்கரம் வச்சது. துணியில தூளி மாதிரி இருக்கும், அதுல உங்களை உக்கார வச்சு மாட்டிட்டு, கைப்பிடிய அடிச்சா தானாத் தூக்கும். ஒரு ஃப்ரிட்ஜ் வெலைதான் வரும். எங்கப்பாவுக்கு அதான். அப்பா எழுவது கிலோ. எங்கம்மா நாப்பத்திரெண்டு. அம்மா ஒத்தக் கையில தூக்குறாங்க.”

இரண்டு வருடம். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பேர். யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தூக்குவது என்றால் இவர் தூக்குவது என்று இருந்துவிட்டோம்.

“நீங்க ரோபோ கம்பெனில இருந்துக்கிட்டு இதைச் சொல்றீங்களே.”

“அதான் சொன்னேன்லக்கா, பேசக் கூடாதுன்னு.” சிரித்தாள். பிறகு, “அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க” என்றாள்.

தட்டு திரும்ப என் மடிக்கு வந்தது. விளக்கு பச்சையாயிற்று.

“வேறு ஏதேனும் உதவி தேவையா?” என்றார் சார்.

சாதம் ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன். முழுக்க.


பிப்ரவரி 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில், காபி கொடுக்கும்போது. எப்படி ஆரம்பிப்பது என்று நேற்று முழுக்க யோசித்துவைத்த எதுவும் வரவில்லை. “நான் மதியம் சாப்பாட்டை நாய்க்குப் போட்டுக்கிட்டு இருந்தேங்க” என்று ஆரம்பித்துவிட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“எத்தன மாசமா?”

“தீபாவளியிலேர்ந்து.”

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நாய் தெரியாது. நீ கொறையிறது தெரியும். தெனம் ஆறு தடவ தூக்குறேன், எனக்குத் தெரியாதா? ஆறு ஏழு கிலோ போயிருக்கும்.” டம்ளரை நகர்த்தி வைத்தார். “சுகரா இருக்குமோ, வேற எதுவுமோன்னு… கேக்கப் பயமா இருந்துச்சு. மருந்துக்கடை அண்ணன்கிட்ட கேட்டேன், எடை கொறைஞ்சா என்னென்ன வியாதின்னு. அவரு சொன்ன லிஸ்ட்ட கேட்டுட்டு அன்னைக்கிக் கடையே தொறக்கல. பழனியப்பா பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டு வந்தேன்.”

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஃபேன் காயில் வாங்க அலைந்ததாகச் சொன்னார்.

“தூக்க லேசா இருந்துச்சுன்னு ஒரு நாளாச்சும் சந்தோசப்பட்டிருப்பேன்னு நெனச்சியா?”

அவ்வளவுதான் கேட்டார்.

கடைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ரவா உப்புமா கிண்டிக்கொண்டு வந்தார். கருகல். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டோம். சார் மூலையில் சார்ஜில் நின்றபடி.

பிறகு லிஃப்ட்டைப் பற்றிச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்கவே விடவில்லை. காகிதம் கேட்டார். வரைந்தார். “ஹைட்ராலிக்கு. எஞ்சின் ஹாய்ஸ்ட்டுதான் இது. அடக் கடவுளே. பட்டறைக்குப் பட்டறை இருக்கு. நான் ஏன் யோசிக்கல?” தலையில் அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார், நான் ஏன் யோசிக்கல, நான் ஏன் யோசிக்கல.

“மனுசியத் தூக்குறோம்னு நெனச்சீங்க. எஞ்சினுன்னு நெனைக்கல” என்றேன்.


பிப்ரவரி 12, வியாழன்

வெயில். இவர் ஆறரை பஸ்ஸில் திருச்சிக்கு. லிஃப்ட்டைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவாராம், படத்தைப் பார்த்து வாங்க மாட்டாராம். விபத்துக்குப் பிறகு இவர் ஊரைத் தாண்டிப் போவது இதுதான் முதல் தடவை. சட்டை தேய்த்துக்கொண்டார். வாசல்வரை போய்விட்டு மூன்று தடவை திரும்பி வந்தார். சாரிடம், “பாத்துக்கங்க சார்” என்றார், வேடிக்கையாக இல்லை.

ஏற்பாடு: காலை 10 வரை மும்தாஜ் அக்கா. பிறகு அவர் தையல் கொடுக்கக் கடைத்தெருவுக்கு. மதியம் 2 வரை நானும் சாரும் மட்டும்.

நாலு மணி நேரம் தனியாக. போன் கட்டிலுக்கடியில் விழுந்தது, பதினோரு மணிவாக்கில். முன்பென்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சார் மண்டியிட்டார், கையை விட்டுத் துழாவினார், முதலில் செருப்பை எடுத்தார், பிறகு பழைய மாத்திரை அட்டை, கடைசியில் போன். பதினான்கு நிமிடம். ஆனால் எடுத்தார். தண்ணீர் கொடுத்தார். ஃபேனைக் குறைத்தார். சும்மா கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கச் சொன்னேன், நின்றார்.

உண்மையை எழுத வேண்டும். அந்த நாலு மணி நேரத்துக்கு அது வேண்டியிருந்தது. கார் விலை இல்லாமல் சைக்கிள் விலையாக இருந்தால் வைத்துக்கொள்வேன்.

இவர் ஐந்து தடவை போன் செய்தார். கடைசித் தடவை பின்னால் பஸ் சத்தம். “சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கரும்பு ஜூஸ் குடிச்சேன்” என்றார், ஏதோ தப்பு செய்த மாதிரி.

“இன்னொண்ணு குடிங்க.”


பிப்ரவரி 13, வெள்ளி

சாயந்தரம் குமாரிடம் பேசினேன். வேண்டாம் என்று.

“சரி” என்றான். பிறகு, “நான் ஒனக்குன்னு ஒண்ணுமே செஞ்சதில்ல அக்கா” என்றான்.

“போன ஞாயித்துக்கெழம வந்தியே.”

“அது ரோபோ.”

“அதுல நீ வந்ததாலதான் தெரிஞ்சுச்சு, எனக்கு நீ வேணும்னு. அது ஒரு வருசத்துக்கு எவ்வளவு கட்டணும்? அதுல நீ எத்தன தடவ வந்துட்டுப் போகலாம்? கூட்டிப் பாரு.”

கூட்டிப் பார்த்தானா தெரியவில்லை. “லீவு குடுக்க மாட்டாங்க அக்கா” என்றான். “கேட்டுப் பாத்தியா?” என்றேன். கேட்டதில்லையாம். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம், இல்லையென்று சொல்லிவிட்டால் தாங்காது என்று.

ஒரு மணி நேரம் கழித்து மெசேஜ். “கேட்டுட்டேன். சித்திரைல 20 நாள். மேனேஜர் ஒண்ணுமே சொல்லல.”

இவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.


பிப்ரவரி 14, சனி

பெட்டி மறுபடி வாசலில். அதே இரண்டு பேர். வாங்கவில்லை என்றதும் அவர்கள் வருத்தப்படவில்லை. பத்து வீட்டில் வைத்தால் ஒரு வீட்டில்தான் வாங்குகிறார்களாம், அதுவும் பெரும்பாலும் வேடிக்கைக்கு.

அணைப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் கேட்டேன். அதற்குத் தெரியாத டம்ளர், அலமாரிக்குப் பின்னால் இருப்பது. மஞ்சள் விளக்கு எரியட்டும் என்றுதான்.

எரிந்தது.

“கௌரியா?”

“ஆமாக்கா.”

“சொல்லிட்டேன் அவர்ட்ட. லிஃப்ட்டு திங்கக்கெழம வருது.”

வந்தவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பதில் பேசவில்லை, பேச முடியாது என்று புரிந்தது. சாரின் வலது கை மெல்ல மேலே போயிற்று. நெற்றிக்கு நேரே நின்று, கும்பிடுகிற மாதிரி மற்றக் கையும் வந்து சேர்ந்தது. விரல்கள் சரியாகப் பொருந்தவில்லை.

நானும் கும்பிட்டேன். திருகாணிகளைக் கழற்றி, சாரைப் பெட்டியில் வைத்து மூடினார்கள்.

மூலை வெறுமை. அங்கே தூசி. பெருக்கச் சொல்ல வேண்டும்.


பிப்ரவரி 16, திங்கள்

வெயில் ஏறிவிட்டது, இனிமேல் பனி இருக்காது.

லோடு ஆட்டோவில் லிஃப்ட். நீலக் குழாய், நாலு சக்கரம், அழகு ஒன்றும் கிடையாது. கூட ஒரு காகிதம், படம் படமாக. இவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அரை மணியில் பூட்டிவிட்டார். முதலில் சிமெண்டு மூட்டையை மாட்டித் தூக்கிப் பார்த்தார். பிறகு தானே தூளியில் உட்கார்ந்து மும்தாஜ் அக்காவை அடிக்கச் சொன்னார். அக்கா சிரித்துச் சிரித்து இவரை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, “ராணி, இறக்கவா வேணாமா?” என்றார். இறக்கிவிட்டுப் போனார்.

பதினோரு மணி. என் முறை.

துணியை எனக்குக் கீழே நுழைக்க, இந்தப் பக்கம் ஒரு தடவை புரட்ட, அந்தப் பக்கம் ஒரு தடவை. கொக்கி நாலு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. “விட்டுறாதீங்க” என்றேன். “நான் பிடிக்கவே இல்லயே, எங்க விடுறது” என்றார்.

கைப்பிடியை அடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் கடிபடவில்லை. மூச்சு வாங்கவில்லை. மாவாட்டுகிற ஆள் மாதிரி சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தார்.

நான் மேலே வந்து நின்றேன். நின்றேன் என்றுதான் எழுதுவேன், தொங்கினேன் என்று எழுத மாட்டேன். என் முகம் இவர் முகத்துக்கு நேரே. இரண்டு வருடமாக இவரைக் கீழேயிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காதோரம் இவ்வளவு நரைத்திருக்கிறது.

கைப்பிடியை விட்டுவிட்டு முன்னால் வந்தார். நாற்காலிக்குத் தள்ள வேண்டும். தள்ளவில்லை. கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் நின்றன. இந்த இரண்டு வருடத்தில் இவர் என்னைக் கட்டிப் பிடித்ததெல்லாம் தூக்கத்தான். ஒரு கை முழங்காலுக்கு, ஒரு கை முதுகுக்கு, ஒண்ணு ரெண்டு மூணு. தூக்க வேண்டியதில்லை என்றதும் இரண்டு பேருக்கும் ஒரு மாதிரி கூச்சம்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. இரு.”

கொஞ்சம் தயங்கி, தோளைச் சுற்றிக் கையைப் போட்டார். கனம் எதுவும் தாங்காத கை. தூளி லேசாக ஆடியது. சட்டையில் சாலிடர் வாசனை.

வாசலில் காலிங் பெல். லோடு ஆட்டோக்காரர் ரசீதுக்கு வந்திருப்பார்.

மறுபடி அடித்தது. இவர் போகவில்லை.